ஊதுவத்திக்கு வந்த தீட்டு

நெல்லித்தோப்பில் சுலோசனாவிடம் வம்புக்குப் போவதற்கு முன் எல்லோரும் ஒரு முறை யோசிப்பார்கள். அவள் கத்துகிற ரகம் இல்லை. கத்துகிறவர்களைப் பற்றிக் கவலையில்லை, கோபம் அன்றைக்கே ஆறிப்போகும். சுலோசனா ஆறவிடுகிறவள் அல்ல. தெருக்குழாயில் முந்திக்கொண்டு குடம் வைத்த ஒருத்திக்கு, வருஷக்கணக்கில் பொறுத்திருந்து, அவள் மகளின் நிச்சயதார்த்தத்தில் மாப்பிள்ளை வீட்டார் காதுபடப் பதில் கொடுத்தவள். எதையும் மறந்துவிடுவது உடம்புக்கு நல்லது என்று அவளிடம் சொல்லிப் பார்த்தவர்கள் உண்டு. அப்படிச் சொன்னவர்கள் யார் யார் என்பதையும் அவள் மறக்கவில்லை. இப்பேர்ப்பட்டவளை உட்காரவைத்துத்தான் பிரேம்குமார் உலக வாணிபத்தைப் பற்றிப் பாடம் நடத்தினான்.

பிரேம்குமார், உழவர்கரையில் ஊதுவத்திக் கம்பெனி வைத்திருந்த தெய்வசிகாமணியின் ஒரே மகன். கம்பெனி என்றதும் பெரிதாக நினைத்துக்கொள்ள வேண்டாம். முன்னால் வீடு, பின்னால் குடோன், இரண்டுக்கும் நடுவில் ஒரு வேப்பமரம். வேலையில் பாதி வெளியில், பெண்களின் வீடுகளில் நடந்தது. மூங்கில் குச்சியும் கரி மாவும் வாங்கிப்போய், மாவைப் பிசைந்து, பலகையில் குச்சியை வைத்து உள்ளங்கையால் ஒரே இழுப்பாக உருட்டி, வெயிலில் காயவைத்துத் திருப்பிக் கொடுக்க வேண்டும். அதைக் குடோனில் சென்ட்டில் முக்கிப் பாக்கெட் போடுவார்கள். நாற்பது பெண்கள் போல உருட்டினார்கள்.

சுலோசனா கல்யாணத்துக்கு முன்பே பலகை பிடித்தவள். அவள் அப்பா பக்கிரி வேலை பார்த்த மில்லை மூடிய வருஷம் அது. வெளியூர்த் துணி மலிவாக வருகிறது, இங்கே நெய்தால் கட்டாது என்று மூடினார்களாம். பக்கிரி அதற்குப் பிறகும் ரொம்ப நாள் ஷிப்ட் நேரத்துக்குக் குளித்துச் சட்டை மாட்டிக்கொண்டு உட்கார்ந்திருப்பார். வீட்டில் அடுப்பெரிந்தது மகள் உருட்டிய வத்தியில்தான். லோடு வண்டி ஓட்டும் வடிவேலுக்கு வாழ்க்கைப்பட்டு அவள் நெல்லித்தோப்புக்கு வந்தபோது பலகையும் கூடவே வந்தது. பக்கத்து வீட்டு அமிர்தவல்லிக்கு உருட்டக் கற்றுக்கொடுத்தவளும் அவள்தான். அமிர்தவல்லியின் மாமியார் செல்வாம்பாள் இடுப்பு விழுந்து படுத்த படுக்கை. கிழவிக்கு ஒன்றுக்கு எடுத்துவிட்டுக் கை கழுவிக்கொண்டு மறுபடி உட்கார்ந்து செய்யக்கூடிய வேலை, அமிர்தவல்லிக்கு இது ஒன்றுதான் இருந்தது.

பிரேம்குமார் சென்னையில் எம்.பி.ஏ. படித்தான். திரும்பி வந்தவன் ஒரு முறை வியட்நாமுக்கும் போய்வந்தான். அந்தப் பக்கத்து நாடுகளோடு போட்ட ஒப்பந்தத்தில் இறக்குமதி வரி இறங்கியிருந்தது. சென்ட் போடாத வெறும் வத்தி அங்கிருந்து கப்பலேறி, சென்னையில் இறங்கி, லாரியில் உழவர்கரை வந்து சேர்ந்த பிறகும் இந்தப் பெண்கள் உருட்டுவதைவிட மலிவாக இருந்தது. இதை ஒரே வார்த்தையில் சொல்லி வீட்டுக்கு அனுப்பியிருக்கலாம். ஆனால் படித்த பிள்ளை அல்லவா, விளக்காமல் விட மனசு வரவில்லை. எல்லோரையும் குடோனுக்கு வரச்சொல்லித் தரையில் உட்காரவைத்து, வெள்ளைப் பலகையில் இங்கிலாந்து, போர்ச்சுக்கல் என்று இரண்டு வட்டம் போட்டான். தெய்வசிகாமணி கதவோரம் நின்றிருந்தார்.

"ஒரு நாட்டுக்குத் துணி நல்லா வரும், ஒரு நாட்டுக்கு ஒயின் நல்லா வரும். அவங்கவங்களுக்கு எது நல்லா வருதோ அதை மட்டும் செஞ்சு மாத்திக்கிட்டா ரெண்டு பேருக்குமே லாபம். எரநூறு வருஷமா இதை யாராலயும் தப்புன்னு சொல்ல முடியல."

"இது எங்களுக்கே தெரியுமே சார்" என்றாள் அமிர்தவல்லி. "நம்ம ஊர்ல பிராந்தி மலிவுன்னு விழுப்புரத்துக்காரன் வண்டி புடிச்சு வர்றான். எங்க வூட்டுக்காரரு அதுக்குன்னே இந்த ஊர்ல பொறந்துட்டாரு."

எல்லோரும் சிரித்தார்கள். பிரேம்குமாரும் சிரித்தான். "கரெக்ட். ஆனா செக்போஸ்ட்ல புடிக்கிறாங்க பாருங்க, அந்த மாதிரித் தடை எதுவும் இல்லன்னா எல்லாருக்கும் நல்லது. வியட்நாம்காரன் உருட்டட்டும், நாம சென்ட் போட்டு விப்போம்."

சுலோசனா மட்டும் சிரிக்கவில்லை. "ரெண்டு பேருக்கும் லாபம்னீங்களே சார், அந்த ரெண்டு பேர்ல நாங்க யாரு?"

"நீங்க வேற வேலைக்குப் போவீங்க. எங்க தேவை இருக்கோ அங்க ஆளுங்க தானா நகருவாங்க."

"நாங்க உருட்டறதுல எதுனா குறை கண்டீங்களா?"

"குறைன்னு இல்லக்கா. நீங்க உருட்டினாலும் அவங்க உருட்டினாலும், பத்த வெச்சா ஒரே பொகைதான். அப்புறம் எதுக்கு ஜாஸ்தி குடுக்கணும்?"

டீயும் ஆளுக்கொரு பிஸ்கட் பாக்கெட்டும் கொடுத்து அனுப்பிவைத்தான். சுலோசனா பாக்கெட்டை வேப்பமரத்தடியில் நின்ற நாய்க்குப் பிரித்துப் போட்டுவிட்டு வந்தாள்.

அந்த வட்டங்கள் பொய் என்று சொல்ல நான் தயாரில்லை. சுலோசனா கையிலிருந்த போனும், வடிவேல் போட்டிருந்த சட்டையும் மலிவாகக் கிடைத்தது அதே வட்டங்களால்தான். ஊதுவத்தியும் பாக்கெட்டுக்கு ஏதோ கொஞ்சம் விலை இறங்கியது. வாங்கின லட்சம் பேரில் ஒருவருக்கும் அது தெரியவில்லை. உருட்டின நாற்பது பேருக்கு மட்டும் சோற்றுப்பானையில் தெரிந்தது. லாபத்தை ஊர் முழுக்கத் தூவிவிட்டு நஷ்டத்தை ஒரு சந்தில் கொட்டிவிட்டுப் போகிற வித்தைக்கு என்ன பெயர் வைத்திருக்கிறார்களோ, எனக்கு அதைப் பார்த்தால் வயிறு எரிகிறது.

ஆட்கள் தானாக நகர்வார்கள் என்றானே, நகர்ந்தார்கள். சுலோசனா கடற்கரைப் பக்கம் ஒரு கெஸ்ட் ஹவுஸில் விரிப்பு துவைக்கப் போனாள். வெள்ளை வெளேரென்ற விரிப்புகளை அலசி அலசி, உள்ளங்கைக் கோடுகளில் இத்தனை வருஷம் ஊறியிருந்த கரி வெளுத்துப்போனது. அந்த வெளுத்த கையைப் பார்க்கும்போதெல்லாம் அவளுக்குப் பிரேம்குமாரின் ஞாபகம் வந்தது. அமிர்தவல்லியால் வீட்டைவிட்டு நகர முடியவில்லை. அவள் வாசலில் இட்லி போட்டாள். அந்தச் சந்தில் ஏற்கெனவே மூன்று பேர் இட்லி போட்டுக்கொண்டிருந்தார்கள்.

பழிவாங்குகிறவளுக்குக் கையில் ஆயுதம் இல்லையென்றால் அற்பத்தனம்தான் மிஞ்சும். பிரேம்குமாரின் கார் எதிரே வந்தால் சுலோசனா நின்று நிதானமாகக் காறித் துப்புவாள். அவன் கம்பெனி வத்தி விற்கிற கடையில் உப்புகூட வாங்கமாட்டாள். வெள்ளிக்கிழமை பிள்ளையாருக்கு முன்னால் வேறு கம்பெனி வத்தியை ஏற்றி வைத்து, "அவன் எங்கிட்ட வந்து நிக்கணும்" என்பாள். பிள்ளையாரைத் தவிர வேறு யாரிடமும் சொல்லவில்லை.

பிள்ளையார் நேரம் எடுத்துக்கொண்டாலும் வேலையை முடித்துக் கொடுத்தார். இறக்குமதி வத்தியால் நாடு முழுக்கக் கைத்தொழில் போகிறது என்று டெல்லியில் கூச்சல் கிளம்பி, ஊதுவத்தி கொண்டுவரக் கட்டுப்பாடு போட்டார்கள். கப்பல் நின்றது. பிரேம்குமாரின் குடோனில் எலி ஓடியது. ஒரு நாள் காலையில் தெய்வசிகாமணியே ஸ்கூட்டரில் சந்துக்கு வந்து, இறங்காமல், "மாவு ரெடியா இருக்கும்மா. வந்து எடுத்துக்கிட்டுப் போங்க" என்று சொல்லிவிட்டுத் தலையைக் குனிந்துகொண்டு போனார்.

"போவாத" என்றாள் சுலோசனா.

"உனக்கு இன்னாடி பைத்தியமா?" என்றாள் அமிர்தவல்லி. "வூட்டோட இருக்கிற வேலை திரும்பி வந்திருக்கு. உன் ரோஷத்தை வெச்சு என் மாமியாருக்குக் கஞ்சி காய்ச்ச முடியுமா?"

அமிர்தவல்லி போனாள். ஒரு வாரம் கழித்து சுலோசனாவும் கெஸ்ட் ஹவுஸை விட்டுவிட்டு மாவு வாங்கப் போனாள். ரோஷம் தீர்ந்து போகவில்லை. தூரத்தில் இருந்துகொண்டு துப்பத்தான் முடியும், பக்கத்தில் இருந்தால்தான் கை எட்டும் என்று அவளுக்குத் தோன்றியது.

அவ்வளவு கிட்டே போனதில் கம்பெனியின் உள் விவரமும் தெரியவந்தது. அடுத்ததாக வெளிநாட்டு மூங்கில் குச்சிக்கும் வரி ஏற்றினார்கள், இங்கே குச்சி சீவுகிறவர்களைக் காப்பாற்ற. குச்சி விலை ஏறியதும் பிரேம்குமார் உருட்டுக்கூலியைக் குறைத்தான். ஒருத்தருக்குப் பிடித்த குடை இன்னொருத்தர் தலையில் தண்ணீர் வடித்தது. கூடவே, உருட்டுகிற மிஷின் ஒன்றுக்குக் கடன் வாங்கிச் சொல்லிவைத்திருந்தான். பெண்களிடம் அதைப் பற்றி மூச்சு விடவில்லை. மிஷினுக்கு மேடை கட்ட வந்த கொத்தனார் வடிவேலின் கூட்டாளி. அவர் வழியாக சுலோசனாவுக்குச் செய்தி வந்துவிட்டது.

"எப்படியும் நம்மளை மறுபடி தொரத்தப் போறான்" என்றாள் அமிர்தவல்லியிடம்.

"தொரத்தும்போது பாத்துக்கலாம். ஆறு மாசம் ஓடினாலும் எனக்கு ஆறு மாசம்தான்."

மிஷின் வருவதற்கு முன் தெய்வசிகாமணி போய்விட்டார். ஆயுத பூஜைக்குப் பத்துப் பன்னிரண்டு நாள் இருக்கும்போது மாரடைப்பு. பிரேம்குமார் ஊரே பார்க்கும்படி எல்லாம் செய்தான். பேண்டு வாத்தியம், பூப்பல்லக்கு, நெல்லித்தோப்பிலிருந்து பெரிய மார்க்கெட் வரைக்கும் சுவர் சுவராகக் கண்ணீர் அஞ்சலி போஸ்டர். கம்பெனி பாக்கெட்டில் தெய்வசிகாமணியின் சிரித்த முகம் ஒன்று உண்டு. அதே படத்தைத்தான் போஸ்டரிலும் பெரிதாகப் போட்டிருந்தான். கீழே மறைந்த தேதியும் கருமாதித் தேதியும் கொட்டை எழுத்தில். கருமாதி, ஆயுத பூஜை கழிந்து வந்தது.

சாமிக்கு ஏற்றுகிற பொருளைத் தீட்டு வீட்டில் செய்யமாட்டார்கள். இதை யாரும் யாருக்கும் சொல்லித்தரத் தேவையில்லை. தன் தாயார் செத்தபோது தெய்வசிகாமணி குடோனைப் பூட்டிச் சாவியைக் கருமாதி வரைக்கும் பங்காளி வீட்டில் கொடுத்து வைத்தார்; முக்கிக் காய்ந்துகொண்டிருந்த வத்தியைக்கூடக் குப்பையில் கொட்டினார். ஆனால் ஆயுத பூஜை சீசனில் அந்த வருஷம் அப்படி ஒரு ஆர்டர் பிரேம்குமாருக்கு வந்திருந்தது. மார்க்கெட்டில் பூஜை சாமான் மொத்த வியாபாரம் செய்த கண்ணையன்தான் கேட்டிருந்தார். சுற்றுவட்டாரக் கோயில் வாசல் கடைகள் பெரும்பாலும் அவரிடம்தான் சரக்கு எடுக்கும். அதை விட்டால் மிஷின் கடனைக் கட்ட வழியில்லை.

பால் தெளித்து முடித்த மறுநாள் பிரேம்குமார் மொட்டைத் தலையோடு சுலோசனாவின் வாசலில் வந்து நின்றான். வாசப்படிக்கு வெளியேதான் நின்றான், அந்த அளவுக்குத் தெரிந்திருந்தது.

"அக்கா, தீட்டு எங்க வீட்டுக்குத்தானே, உங்களுக்கு இல்லியே. நீங்க எல்லாரும் உருட்டிக் குடுங்க. பின்பக்க ஷட்டரைத் தொறந்து வெளியூர்ப் பசங்கள வெச்சு முக்கிப் பாக்கெட் போட்டுடறேன். யாருக்கும் தெரியவேணாம். வத்தின்னா வத்திதானேக்கா."

அவன் வந்து நிற்க வேண்டும் என்று அவள் எத்தனை வெள்ளிக்கிழமை கேட்டிருப்பாள்! நின்றான். திட்டி அனுப்பியிருக்கலாம். கதவைச் சாத்தியிருக்கலாம். சுலோசனா அவனை மேலும் கீழும் பார்த்து, "சரி சார்" என்றாள்.

அந்த வாரம் போல அவள் என்றும் உருட்டியதில்லை. தானும் உருட்டினாள், மற்றவர்களையும் விரட்டி உருட்டவைத்தாள். ஆர்டர் முழுவதும் போய்ச் சேர வேண்டும், ஒரு பெட்டிகூடக் குறையக் கூடாது என்பதில் பிரேம்குமாரைவிட அவளுக்கு அக்கறை. அமிர்தவல்லிக்கு அப்போதே சந்தேகம் தட்டிவிட்டது.

"சுலோ, உன் மூஞ்சி நல்லால்ல. வேணாம்டி. அவன் போனா அவனோட நாமளும்தான் போவோம்."

"போனா போவட்டும்."

"உனக்குக் காலு இருக்கு, எங்கன்னா போவ. நான் இந்தக் கட்டிலை எங்கடி தூக்கினு போவேன்?"

சுலோசனா பலகையைத் துடைத்துச் சுவரில் சாத்திவிட்டு மார்க்கெட்டுக்குக் கிளம்பினாள்.

கண்ணையன் கடையில் பெட்டிகள் அப்போதுதான் வந்து இறங்கியிருந்தன. அவர் நெற்றி நிறையப் பட்டை போடுகிறவர், காலையில் கல்லாவுக்குக் கற்பூரம் காட்டாமல் கடலைகூட வாயில் போடாதவர். தெய்வசிகாமணியின் சாவுக்கு மாலையோடு போய் வந்திருந்தார். சரக்கெல்லாம் சாவுக்கு முன்பே பாக்கெட் போட்டது என்று நம்பிக்கொண்டிருந்தார். சுலோசனா ஒரு கற்பூர டப்பா வாங்கினாள்.

"அண்ணே, எதிர்ச் சுவத்துல போஸ்டர் ஒட்டியிருக்கே, கருமாதி என்னிக்குன்னு போட்டிருக்கு? எனக்குக் கண்ணு சரியாத் தெரியல."

கண்ணையன் கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு படித்தார். "அடுத்த வியாழக்கெழமம்மா. ஏன்?"

சுலோசனா இரண்டு உள்ளங்கைகளையும் கல்லாப்பெட்டி மேல் விரித்து வைத்தாள். கோடு கோடாகக் கரி. "நேத்து வரைக்கும் உருட்டினோம் அண்ணே. சாமிக்குப் போற பொருளு, சொல்லாம இருக்க மனசு வரல. உருட்டினது எங்க வூட்ல. முக்கினது அவங்க வூட்ல."

கண்ணையன் அவள் கையைப் பார்த்தார். பெட்டியைப் பார்த்தார். பெட்டி மேலும் தெய்வசிகாமணி சிரித்துக்கொண்டிருந்தார், எதிர்ச் சுவரிலும் சிரித்துக்கொண்டிருந்தார். கண்ணையன் எழுந்து போய்க் கையைக் கழுவிவிட்டு வந்து போனை எடுத்தார்.

அன்று பொழுது சாய்வதற்குள் அத்தனை பெட்டியும் பின்பக்க ஷட்டருக்குத் திரும்பி வந்து குவிந்தன. அதோடு விட்டிருந்தால்கூடப் பிரேம்குமார் எழுந்திருப்பான். சாவு வீட்டு வத்தி என்று ஒரு பெயர் கிளம்பிவிட்டது. பூக்காரிகள் சொன்னார்கள், குருக்கள் சொன்னார்கள், முதலியார்பேட்டையில் மளிகைக்கடைக்கு வந்த பெண்கள் "அந்த மொகம் போட்டது வேணாம்பா" என்றார்கள். எங்கே செய்தால் என்ன, யார் செய்தால் என்ன, பொருள் ஒன்றுதான் என்று பலகையில் வட்டம் போட்டவனிடம் ஏன் இப்படிச் செய்தாய் என்று கேட்க ஒருவரும் வரவில்லை. யாரும் வாங்கவில்லை, அவ்வளவுதான். மிஷின் வந்து சேர்ந்தபோது ஓட்டுவதற்கு ஆர்டர் கிடையாது. பிரித்துப் பார்க்காமலே வந்த விலைக்கு விற்றான். குடோனை டைல்ஸ் கடைக்கு வாடகைக்கு விட்டான்.

சுலோசனாவுக்கு அந்த மாதம் உடம்பில் சதை பிடித்தது. நான் ஒன்றும் மிகைப்படுத்தவில்லை. வடிவேலே அவளைக் கேலி செய்தார். எதிரே வந்த காரை அவள் இப்போது துப்பாமல் நின்று பார்த்தாள். பிறகு கார் வரவில்லை, பிரேம்குமார் ஸ்கூட்டரில் வந்தான், அதையும் நின்று பார்த்தாள்.

ஒரு நாள் சந்து முனையில் ஆட்டோ நின்றது. உள்ளே தெய்வசிகாமணியின் மனைவி பார்வதி. புருஷன் செத்து வருஷம் திரும்பாத பெண் அடுத்தவர் வாசப்படி ஏறக் கூடாது, அதனால் ஆட்டோவிலேயே உட்கார்ந்துகொண்டு ஆளனுப்பினாள். சுலோசனா வந்து நின்றாள்.

"என் புள்ளை தப்பு பண்ணான். அவனை அடிச்ச, சரி. அவரு உனக்கு இன்னாம்மா பண்ணாரு? தீபாவளிக்குத் தீபாவளி உனக்குப் பொடவை எடுத்துக் குடுத்த மனுசன். அவரு மூஞ்சியை இன்னிக்கு ஊரே சாவு மூஞ்சிங்குது."

"அன்னிக்கு எங்கள உக்கார வெச்சுப் பாடம் நடத்தி அனுப்புனப்போ உங்க வூட்டுக்காரரும் அங்கதாம்மா நின்னுகினு இருந்தாரு" என்றாள் சுலோசனா. "நாப்பது பொம்பளைங்க அவரு மூஞ்சியத்தான் பாத்தோம். வாயத் தொறந்து ஒரு வார்த்தை சொல்லல. மரத்தப் பாத்துகினு நின்னாரு."

பார்வதி வாய்க்குள் புடவைத் தலைப்பை அடைத்துக்கொண்டாள். ஆட்டோ திரும்பிப் போயிற்று. சுலோசனா அது மறையும்வரை நகரவில்லை.

இன்றைக்கும் யார் கேட்டாலும் நடந்ததை அவள் ஒளிவுமறைவில்லாமல், கையை விரித்துக்காட்டி, ருசித்துச் சொல்வாள். மறுபடி வாய்த்தால் மறுபடியும் செய்வேன் என்பாள். மற்றப் பெண்கள் ஆளுக்கொரு பக்கம் போனார்கள். சுலோசனா பழைய கெஸ்ட் ஹவுஸுக்கே விரிப்பு துவைக்கப் போகிறாள். அமிர்தவல்லி சேதராப்பட்டுப் பக்கம் ஒரு கம்பெனிக்கு வேனில் போகிறாள். காலையில் மாமியாருக்குக் கஞ்சி ஊட்டி, கட்டிலை ஜன்னலோரம் தள்ளி, வெளியில் பூட்டிவிட்டுப் போனால் இருட்டித்தான் வருவாள். சுலோசனாவோடு அவள் பேசுவதில்லை. சாவியும் கொடுப்பதில்லை.

மதியம் வீட்டுக்கு வரும்போது சுலோசனா அந்த ஜன்னல் கம்பி வழியாகக் கையை விட்டுச் செல்வாம்பாளுக்குத் தண்ணீர் புகட்டுவாள். படுக்கை நனைந்து நாறும். துடைத்துவிடக் கை எட்டாது. ஒரு நாள் கிழவி தண்ணீரைக் குடித்துவிட்டு அவள் விரலைப் பிடித்துக்கொண்டாள்.

"ஏண்டி சுலோ, வூட்டோட இருந்து உருட்டிக்கினு இருந்தாளே, அந்த வேலைய யாருடி கெடுத்தது? கேட்டா அமிர்தம் சொல்ல மாட்டேங்குறா."

ஊரெல்லாம் மார்தட்டிச் சொன்னவள் விரலை மெல்ல உருவிக்கொண்டாள்.

"வியட்நாம்காரன் ஆயா" என்றாள்.

"நாசமா போவட்டும் அவன்" என்றாள் கிழவி.